முகம் கறுத்துப் போகிறது, எடிட் பண்ணினால் வெளுத்துப் போகிறது: ஆட்களைப் படம் எடுக்க என்ன செட்டிங் வைப்பது?

குடியாத்தம்_கலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு, வைகாசியிலேயே அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்திருக்கிறோம். சொந்தபந்தம் எல்லாம் வரும். இந்த முறை படங்களை நானே எடுக்கலாம் என்று இருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் உண்டு.

போன முறை எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் சொல்லியிருந்தோம். ஆல்பம் வந்தது. பார்த்தால் எங்கள் வீட்டு ஆட்கள் ஒருத்தரும் அவரவர் நிறத்தில் இல்லை, எல்லோருக்கும் மாவு பூசியது மாதிரி ஒரே வெள்ளை. அதைக்கூட விட்டுவிடுவேன். எங்கள் ஆயாவுக்கு நெற்றியில் சின்ன வயதில் குத்திய பச்சைப் பொட்டு உண்டு, முகவாயிலும் மூன்று புள்ளி உண்டு. அதை ஏதோ கறை என்று நினைத்து அழித்துவிட்டார்கள். முகச் சுருக்கமும் போய்விட்டது. ஆயா அந்தப் படத்தைக் கையில் வாங்கி "இது யாரும்மா?" என்று கேட்டது. எனக்கு மனசே ஆறவில்லை.

இப்போது செகண்ட் ஹேண்டில் கேனான் 1500டி கேமரா வாங்கியிருக்கிறேன். கூட வந்த 18-55 லென்ஸும், தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. வெளியில் எடுத்தால் வானம் நன்றாக வருகிறது, முகம் கறுத்துவிடுகிறது. வீட்டுக்குள் எடுத்தால் ஆடிப்போகிறது. பந்தலுக்குள் எடுத்தால் எல்லோரும் சிவப்பாக இருக்கிறார்கள். கறுத்த முகத்தை செல்போனில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. என்ன செட்டிங் வைக்க வேண்டும், எந்த ஆப்பில் எடிட் பண்ண வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆயாவைத் தனியாக ஒரு படம் எடுத்துப் பெரிதாகப் பிரேம் போடவும் ஆசை.

காட்பாடி_வெளிச்சம் எழுதியது:

தங்கச்சி, ஆப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் முகம் ஏன் கறுக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு முகம் எது, வானம் எது என்று தெரியாது. தான் பார்க்கிற காட்சியை மொத்தமாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும், அவ்வளவுதான். பின்னால் வெயில் அடிக்கிற வானமோ சுண்ணாம்புச் சுவரோ வெள்ளை வேட்டிக் கூட்டமோ இருந்தால், அந்த வெள்ளையைச் சாம்பலாக்குவதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகமும் சேர்ந்து போய்விடும். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும்: பின்னால் இருட்டு அறை, ஆள் கட்டியிருப்பது அரக்குப் பட்டு என்றால் முகம் வெளிறிப் போகும். அதனால் பின்னணி வெள்ளையாக இருந்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்லும் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கிற அளவை, +2/3 இலிருந்து +1 வரை ஏற்றுங்கள், இருட்டாக இருந்தால் அதே அளவு இறக்குங்கள். ஏவி மோடில் (லென்ஸ் திறப்பை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) அந்த +/− பட்டனை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் போதும்.

இன்னொரு வழி, உங்கள் கேமராவில் ஸ்பாட் மீட்டரிங் (நடுவில் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளப்பது) கிடையாது, ஆனால் பார்ஷியல் மீட்டரிங் உண்டு, நடுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்தை மட்டும் அளக்கும். முகத்தை நடுவில் வைத்து அளந்து, நட்சத்திரப் பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டு அப்புறம் ஃபிரேமை மாற்றிக்கொள்ளலாம். இங்கே நம் ஆட்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நல்ல கறுத்த முகத்தை மட்டும் அளந்தால் கேமரா அதையும் நடுத்தரச் சாம்பலுக்கு ஏற்றிவிடும், உள்ளதைவிட வெளுப்பாக வரும். ஸ்டுடியோக்காரர் செய்ததை மெஷினே செய்துவிடுகிறது. கறுத்த முகத்தை இப்படி அளக்கும்போது −1/3 அல்லது −2/3 வைத்தால் தோல் தன் நிறத்தில் நிற்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். வைகாசி வெயில் நம் ஊரில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் ஆளை நிறுத்தினால் கண்குழியில் கறுப்பு விழும், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும், எந்த எடிட்டிங்கும் அதை ஒழுங்காகச் சரிசெய்யாது. ஆளைத் திண்ணைக்கோ வாசப்படிக்கோ கூட்டி வாருங்கள். நிழலின் விளிம்பில், முகம் வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி நிறுத்தினால் போதும். ஒரு பெரிய வெள்ளை தெர்மாகோல் அட்டையை இடுப்பளவில் சாய்த்துப் பிடிக்க ஒரு பையனை வைத்துக்கொண்டால் தாடைக்குக் கீழே இருக்கும் இருட்டும் தெளியும். ஸ்டுடியோக்களில் காலம் காலமாக நடக்கிற வேலைதான் இது.

பழகிப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு சாயங்காலம் வேலூர்க் கோட்டைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கருங்கல் மதில் கிட்டத்தட்ட நடுத்தரச் சாம்பல்தான், மீட்டர் அங்கே அவ்வளவாக ஏமாறாது, முகத்தின் மேல் கலரும் அடிக்காது. பச்சை பெயின்ட் அடித்த சுவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் புரியும், கன்னமெல்லாம் பச்சை ஏறிவிடும். ட்ரைபாட் மட்டும் எடுத்துப் போக வேண்டாம், தொல்லியல் துறை இடம் என்பதால் அதற்குத் தனி அனுமதி கேட்பார்கள்.

ஆம்பூர்_ரஃபி எழுதியது:

கேமரா இருந்தால்தான் ஆகும் என்று இல்லை அக்கா, செல்போனிலேயே நன்றாக எடுக்கலாம். முதல் வேலையாக, முகத்தை வழுவழுப்பாக்கும் பியூட்டி மோடை முழுக்க அணைத்துவிடுங்கள், சில போன்களில் வாங்கும்போதே அது ஆனில்தான் இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் ஆள்கிட்டப் போய் எடுக்காதீர்கள். போனின் மெயின் கேமரா அகலமான லென்ஸ், கிட்டப் போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். நாலடி ஐந்தடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால் ஒரு சூரியன் குறி வரும், அதைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இழுத்தால் வெளிச்சம் மாறும். காட்பாடி அண்ணன் சொன்ன காம்பன்சேஷன்தான் அதுவும்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம் என்பேன். பூ வைத்த பின்னலையும் ஜிமிக்கியையும் அது பாதி மங்கலாக்கிவிடும். சடங்குப் பெண்ணுக்கு ஜடை நாகம், நெற்றிச்சுட்டி எல்லாம் இருக்கும், அதெல்லாம் ஓரத்தில் கரைந்து போனால் பார்க்கவே நன்றாக இருக்காது.

கூத்து_ராத்திரி எழுதியது:

நான் ராணிப்பேட்டை, செய்யாறு பக்கம் தெருக்கூத்துக் கலைஞர்களைப் படம் எடுக்கிறேன். உங்கள் விழா ராத்திரியிலும் நடக்கலாம் என்பதால் விளக்கு வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

வீட்டுக்குள் படம் ஆடுவதற்குக் காரணம் ஷட்டர் மெதுவாக ஓடுவது, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் கதவு அதிக நேரம் திறந்திருப்பது. ஏவி மோடில் விட்டால் கேமரா தன் இஷ்டத்துக்கு 1/30, 1/40 நொடி என்று இறங்கிவிடும். உள்ளே போனதும் டிவி மோடுக்கு (ஷட்டர் வேகத்தை நாம் வைக்கிற மோட்) மாறி ஷட்டரை 1/100 இல் வையுங்கள், ஐஎஸ்ஓவை (கிடைக்கிற வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 3200 ஆக்குங்கள். ஏன் 1/100 என்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/320, 1/500 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும், அல்லது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மஞ்சளாகவும் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும், வெளிச்சம் சீராக இருக்கும். மேடையில் போடும் கலர் எல்இடிகளில் வேறு வேகத்தில் துடிக்கிறவையும் உண்டு, அதனால் முதலில் இரண்டு மூன்று படம் எடுத்து ஸ்க்ரீனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஐஎஸ்ஓவுக்குப் பயப்பட வேண்டாம். 3200இல் புள்ளி புள்ளியாக வரும் குருணையைச் சகித்துக்கொள்ளலாம், ஆடிப்போன முகத்தை எதுவும் செய்ய முடியாது. 1600இல் சரியாக எடுத்த படத்தைவிட, 400இல் இருட்டாக எடுத்துப் பின்னால் தூக்கிய படத்தில்தான் குருணை அதிகம். உங்களுக்குத் தோல் சாம்பலாவது இதனால்தான். நிழலை வலுக்கட்டாயமாகத் தூக்கும்போது அங்கே கலர் விவரமே கொஞ்சம்தான் இருக்கும், அதனால் கலர் செத்துப்போகிறது.

50 எம்எம்மை எஃப் 1.8 இலேயே (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு, எண் சின்னதானால் திறப்பு பெரிது) வைத்து எடுக்கச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் உங்கள் கேமராவில் அதற்குக் கூர்மை ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஆழம்தான். முகம் கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். எஃப் 4 வைத்தால் அது 13, 14 சென்டிமீட்டர் வரும், ஒரு முகம் முழுக்க அடங்கும். தனி ஆளுக்கு எஃப் 2.8 முதல் 4, வரிசையாக நிற்கும் சொந்தக்காரர்களுக்கு 5.6 முதல் 8. டிவி மோடில் இருட்டு என்றால் கேமரா லென்ஸை முழுக்கத் திறந்துவிடும் என்பதால், ஒரே இடத்தில் வெளிச்சம் மாறாமல் இருக்கும்போது எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் மோடுக்குப் போய் 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 என்று நிறுத்தி, பார்த்துப் பார்த்து ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றுங்கள். ஃபோகஸுக்கு ஒன்பது புள்ளியையும் விட்டு வைக்க வேண்டாம். ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கிட்ட இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள்.

கூத்தில் நான் விரும்பி எடுப்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால்தான். கொட்டகைக்குப் பின்னால் ஒரே ஒரு குண்டு பல்பு தொங்கும், கலைஞர் ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புருவத்துக்கு மை இழுப்பார், அரிதாரம் பாதி முகத்தில்தான் ஏறியிருக்கும், மீதிப் பாதியில் அவருடைய சொந்த முகம். அந்த பல்பு முகத்துக்கு அவ்வளவு கிட்ட இருப்பதால் ஐஎஸ்ஓ 1600இலேயே போதுமான வெளிச்சம் கிடைக்கும். ஃப்ளாஷ் போட்டால் எல்லாம் போச்சு, அரிதாரம் பளபளவென்று மின்னி முகமே தட்டையாகிவிடும். உங்கள் விழாவில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையிலும் இப்படி ஒரு படம் கிடைக்கும், அம்மாவோ அத்தையோ பூ வைத்துவிடும்போது, யாரும் கேமராவைப் பார்க்காத நேரத்தில். பெண்ணிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நெட்டில் போடுவதாக இருந்தால் அவளிடமும் அவள் அப்பா அம்மாவிடமும் தனியாக இன்னொரு முறை கேட்க வேண்டும். நான் மயானக் கொள்ளைத் திருவிழாவில் பாலாற்றங்கரையில் எடுக்கும்போதும் அருள் வந்தவர்கள் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிப்பதில்லை.

குடியாத்தம்_கலை எழுதியது:

ரொம்ப நன்றி, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ரஃபி தம்பி, ஜடை நாகம் பற்றிச் சொன்னது நல்ல யோசனை. பந்தல் விஷயத்துக்கு மட்டும் வழி சொல்லுங்கள். வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணிப்பந்தல்தான் போடப் போகிறார்கள், நலங்கு அங்கேதான். முகத்தில் மஞ்சளும் பூசியிருக்கும். போன தடவை ஒரு படத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இல்லை.

காட்பாடி_வெளிச்சம் எழுதியது:

சிவப்புத் துணி வழியாக வருகிற வெயில் சிவப்பு விளக்கு மாதிரிதான் தங்கச்சி. முழு முகத்திலும் ஒரே அளவில் அடித்தால் எடிட்டில் ஓரளவு எடுத்துவிடலாம். ஒரு கன்னத்தில் பந்தல் சிவப்பு, மறு கன்னத்தில் வெளியிலிருந்து வரும் நல்ல வெளிச்சம் என்று கலந்தால்தான் சிக்கல். முடிந்தால் இன்றைக்கே பந்தல்காரரிடம் மேல் துணியை வெள்ளையில் கட்டச் சொல்லுங்கள், ஓரத் தொங்கலுக்குச் சிவப்பு மஞ்சள் போட்டுக்கொள்ளட்டும். வெள்ளைத் துணிப்பந்தல் கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ வெளிச்சம் கிடையாது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மணையைப் பந்தலின் நடுவில் போடாமல் வெளி ஓரத்துக்குக் கொண்டு வந்து, முகம் தெருப் பக்கம் பார்க்கிற மாதிரி போடச் சொல்லுங்கள். பெரியவர்கள் திசை பார்ப்பார்கள், முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

மஞ்சள் காணாமல் போவதற்குக் காரணம் ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்தைக் கணித்துக் கேமரா தானே கலரைத் திருத்துவது. படம் முழுக்க மஞ்சள் முகம், மஞ்சள் தண்ணீர், மஞ்சள் பந்தல் என்றால், விளக்கு மஞ்சளாக இருக்கிறது போல என்று நினைத்துக் கேமரா நீலத்தைச் சேர்த்துவிடுகிறது. பகலில் நலங்கு நடக்கும்போது வொயிட் பேலன்ஸை டேலைட்டில் வையுங்கள், நிழலாக இருந்தால் ஷேட். எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும், பின்னால் திருத்துவதும் சுலபம். இன்னும் நிச்சயம் வேண்டும் என்றால் தொடங்கும் முன் ஒரு சாம்பல் அட்டையை அல்லது நீலம் போடாத சாதா வெள்ளைத் துணியைப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எடிட்டில் வொயிட் பேலன்ஸ் டூலால் அதைத் தொட்டால் கலர் தானாகச் சரியாகிவிடும்.

கட்டாயம் ரா ஃபைலில் (கேமரா பிடித்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கிற ஃபைல்) எடுங்கள், கூடவே ஜேபெக்கும் வைத்துக்கொள்ளலாம். ஜேபெக்கில் வொயிட் பேலன்ஸ் ஏற்கெனவே வெந்துவிட்டது, ராவில் அது இன்னும் மாவுதான். கம்ப்யூட்டர் இருந்தால் எடிட் பண்ணக் கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொபஷனல் சாஃப்ட்வேர் இலவசம், டார்க்டேபிள் சாஃப்ட்வேரும் இலவசம். ஜேபெக்கை மட்டும் லேசாகத் திருத்த ஸ்னாப்சீட் ஆப் போதும்.

வாலாஜா_சுதா எழுதியது:

ஆயா படத்துக்காக எழுதுகிறேன். நான் ஆல்பம் டிசைன் வேலை பார்க்கிறவள், வெளுக்கச் சொல்லி வருகிற ஆர்டர்களைத் தினம் பார்க்கிறேன். ஸ்டுடியோக்காரரும் சும்மா செய்வதில்லை, பத்து வீட்டில் எட்டு வீட்டார் "கொஞ்சம் பளிச்சென்று போடுங்க" என்று கேட்கிறார்கள், அவர் பதினோராவது வீட்டுக்கும் முன்கூட்டியே சேமித்து வைத்த அதே எடிட் பிரிசெட்டைத் தட்டிவிடுகிறார். இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் வந்ததும் இல்லை. கோடாக் கம்பெனி ஃபிலிம் காலத்தில் லேப்களுக்குக் கலர் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது, ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் படம் சரி என்று உலகம் முழுக்க வைத்திருந்தார்கள். கறுத்த தோலைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று போன் கம்பெனிகள் விளம்பரம் செய்து பேசத் தொடங்கியதே அண்மையில்தான், கூகுள் 2021இல் பிக்சல் 6 போனோடு ரியல் டோன் என்று கொண்டு வந்தது. அதனால் எடிட்டில் நாம்தான் காவல் நிற்க வேண்டும்.

ஆயாவை வாசப்படிக்கு உள்பக்கம் உட்கார வையுங்கள், காலையில் அல்லது நாலு மணிக்கு மேல். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், உள்ளே எரிகிற டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலக்கக் கூடாது. முகம் கதவைப் பார்த்து நேராக இருந்தால் சுருக்கம் மெதுவாகத் தெரியும், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் ஒவ்வொரு கோடும் ஆழமாகத் தெரியும். ஆயாவுக்கு எது பிடிக்கும் என்று இரண்டையும் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும், முந்தானையாலேயே லேசாக ஒற்றி எடுத்தால் போதும், பவுடர் போட வேண்டாம், பச்சை மங்கிவிடும்.

எடிட்டில் முதலில் வொயிட் பேலன்ஸ், அடுத்து மொத்த வெளிச்சம், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். நம் தோல் நிறம் பெரும்பாலும் எடிட் ஆப்பின் கலர் ஸ்லைடர்களில் ஆரஞ்சில்தான் இருக்கிறது, கொஞ்சம் சிவப்பில். ஆரஞ்சின் லூமினன்ஸை, அதாவது அந்தக் கலரின் வெளிச்சத்தை, கூட்டுவதுதான் வெளுக்க வைக்கிற வேலை, அதைத் தொடாதீர்கள். நிழலைத் தூக்கியதால் தோல் சாம்பலாகத் தெரிந்தால் ஆரஞ்சின் சாச்சுரேஷனை (கலரின் அடர்த்தி) ஒரு துளி ஏற்றுங்கள், உயிர் வந்துவிடும். பச்சைப் பொட்டு வயதான தோலில் நீலம் கலந்த சாம்பலாகத்தான் இருக்கும். ஸ்மூத் என்று பெயர் உள்ள எந்த டூலை முகம் முழுக்க ஓட்டினாலும் அது சுற்றியுள்ள தோலோடு கரைந்துவிடும், உங்கள் ஆல்பத்தில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். கறையை அழிக்கிற ஹீலிங் டூலை அன்றைக்கு வந்த கொசுக்கடிக்கும் ஒட்டிக்கொண்ட பூ இதழுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அந்த முகத்தில் இருக்கப்போகிற எதையும் அழிக்கக் கூடாது என்பது என் கணக்கு. பொட்டு தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து டெக்ஸ்சரை (சின்னச் சின்ன விவரங்களின் தெளிவு) கொஞ்சம் ஏற்றலாம். கறுப்பு வெள்ளையாகவும் ஒன்று மாற்றிப் பாருங்கள், வெள்ளை முடியும் மூக்குத்தியும் பச்சையும் சேர்ந்து அதில் அழகாக எடுபடும்.

குடியாத்தம்_கலை எழுதியது:

சுதா அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பந்தல்காரர் வெள்ளைத் துணிக்கு ஒத்துக்கொண்டார், அண்ணிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். ஆயா படத்தைப் பெரிதாகப் போட எந்த அளவு சொல்வது? போனில் பார்த்தால் சரியாக இருக்கிறது, பிரின்ட் வந்தால் இருட்டாக இருக்குமோ என்று பயம்.

வாலாஜா_சுதா எழுதியது:

12க்கு 18 அங்குலம் போடுங்கள். உங்கள் கேமரா ஃபைல் 6000க்கு 4000 பிக்சல், அங்குலத்துக்கு 300 என்று கணக்குப் போட்டால் 12க்கு 18க்கு 5400க்கு 3600 போதும், மிச்சமே இருக்கிறது. நீள அகல விகிதமும் அதேதான் என்பதால் எதுவும் வெட்டுப்படாது. 8க்கு 10 சொன்னால் நீளவாக்கில் வெட்டுவார்கள், கொண்டையோ கையோ போய்விடும்.

இருட்டாக வருவதற்குக் காரணம் போன் ஸ்க்ரீன் அதிக வெளிச்சத்தில் இருப்பது. எடிட் பண்ணும்போது ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டுப் பாதிக்கும் கீழே வைத்துப் பாருங்கள். எஸ்ஆர்ஜிபி என்கிற கலர் முறையில் சேமித்துப் பென்டிரைவில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், வழியில்லை என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். முதலில் அதே படத்தை 4க்கு 6இல் ஒன்று போட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஆயா முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பெரியதுக்குச் சொல்லலாம். மேட் பேப்பர் கேளுங்கள், கண்ணாடி போட்ட பிரேமுக்குள் கிளாஸி வைத்தால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் லேப்பில் பெரும்பாலும் மெஷினே கரெக்ஷன் போட்டுத்தான் தள்ளும், அதனால் "கரெக்ஷன் வேண்டாம், ஃபைலில் உள்ளபடியே போடவும்" என்று கவரின் மேல் எழுதிக் கொடுங்கள், கவுன்டரில் வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.